அடுப்புக்கு மேலே ஒரு மஞ்சள் போத்தல்

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் புதிய ஆய்வுகூடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே இப்போது உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கும் இளம் ஆசிரியை போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வெள்ளை ஓடு பதித்த மேசைகள், சுவரில் பெரிய தொடுதிரை, மூலையில் கண் கழுவுவதற்கென்றே ஒரு குழாய். நடுவில் அவர் அமிலம் அளந்து விடும் கண்ணாடிக் குழாயான அளவியைத் தாங்கியில் பூட்டிக்கொண்டு நிற்கிறார். படத்துக்குப் பின்னால் ஒரு குரல்பதிவும் வந்தது.

"சேர், விஞ்ஞான தின மலருக்கு ஒரு கட்டுரை வேணும். உங்கடை ஆய்வுகூட அனுபவத்தை எழுதித் தாங்கோ. பிள்ளையள் சிரிக்கிற மாதிரி எழுதுங்கோ. இப்ப கனபேர் செய்முறையைத் திரையிலை காட்டிப்போட்டு விடினம். பிள்ளையளுக்குப் போத்தலைத் தொடவே பயமாக் கிடக்கு."

சிரிக்கிற மாதிரி எழுத என்னைக் கேட்டதுதான் முதல் பகிடி. பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம் 'கவனம் சேர்'. அளவியில் அமிலம் விடும்போது கவனம், சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது கவனம், வீட்டுக்குப் போகும்போது றோட்டில் கவனம். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும். ஒரு முறை பரிசளிப்பு விழாவில் மாறுவேடம் போட்ட ஒரு பிள்ளை என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு "கவனம், கவனம்" என்று மேடையைச் சுற்றி வந்தது. அதிபர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை மேடை விளிம்பிலே கால் வைக்கிறதே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

செய்முறையைத் திரையில் காட்டுகிறார்கள் என்று கேட்டு நான் கவலைப்படுவேன் என்று அந்த ஆசிரியை நினைத்திருப்பார். உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது நிம்மதி. திரையில் ஊற்றும் அமிலம் யாருடைய சட்டையையும் ஓட்டையாக்காது. பிறகுதான் மற்றது யோசனைக்கு வந்தது. போத்தலைத் தொடாமலே படித்த பிள்ளையும் என்றோ ஒரு நாள் எங்கேயோ ஒரு போத்தலைத் தொடத்தான் போகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை.

நான் உருத்திரபுரத்து ஆள். அப்பா வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்தவர். யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்தேன், நியமனம் கிடைத்தது, கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டாவது இரசாயனவியல் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. நான் தொழில் பழகியது அந்தப் பள்ளிக்கூடத்தில், மனோன்மணி ரீச்சரிடம்.

அவர்தான் எங்கள் இரசாயனவியல் பகுதித் தலைவர். மெலிந்த உருவம், நூல்சேலை, சேலைத் தலைப்பை இடுப்பிலே இறுக்கிச் செருகியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மற்றவர்கள் சத்தம் போடும் இடத்தில் அவர் குரல் இன்னும் தாழும். அப்போது வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு போத்தலை எடுத்துக் கொஞ்சம் திரவத்தை முகவையில் விட்டுத் தரச் சொன்னார். விட்டுக் கொடுத்தேன்.

"எத்தினை தரம் பேர் வாசிச்சனீர்?" என்று கேட்டார்.

"எடுக்கேக்கை ஒருக்கா, ரீச்சர்."

"எடுக்கேக்கை வாசிக்கிறது போத்தலுக்கு. ஊத்தேக்கை வாசிக்கிறது உமக்கு. திருப்பி வைக்கேக்கை வாசிக்கிறது உமக்குப் பிறகு வாறவைக்கு. மூண்டும் வாய்விட்டு வாசியும்."

பட்டம் பெற்ற ஆள் நான், முதலாம் வகுப்புப் பிள்ளைபோல நின்று 'ஐதான ஐதரோகுளோரிக்கமிலம்' என்று மூன்று தரம் சொன்னேன். மூடியை மேசையில் வைக்கக் கூடாது. விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டே ஊற்ற வேண்டும். லேபல் உள்ளங்கைப் பக்கம் இருக்க வேண்டும், வழியும் துளி எழுத்தை அழிக்காதபடி. குழாயின் வாய் ஆளில்லாத சுவரைப் பார்க்க வேண்டும். மணம் பார்ப்பதென்றால் மூக்கைக் கொண்டு போகக் கூடாது. கையால் விசிறி மணத்தை மூக்குக்கு வரவழைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட அவர் பிடிவாதமாக நின்றது ஒரு விடயத்தில். கொப்பியில் அவதானத்துக்கு ஒரு நிரல், அனுமானத்துக்கு ஒரு நிரல் இருக்கும். கண்டதை முதல் நிரலில் எழுத வேண்டும். நினைத்ததை இரண்டாவதில் எழுத வேண்டும். உறுதிப்படுத்தும் சோதனை செய்யும்வரை எதற்கும் பெயர் வைக்கக் கூடாது.

அந்தப் பாடத்தை நான் படித்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. முதல் தவணையில் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாத உப்புகளைக் கொடுத்துப் பண்பறி பகுப்பு செய்ய விட்டேன். ஆளுக்கொரு உப்பு. கடைசியில் பார்த்தால் வகுப்பு முழுவதும் 'குளோரைட்டு' என்று எழுதியிருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்று நான் துள்ளினேன். மனோன்மணி ரீச்சர் வந்து ஒரு குழாயில் வெறும் தண்ணீரை விட்டார். நைத்திரிக்கமிலம் சில துளி, வெள்ளி நைத்திரேற்றுச் சில துளி. தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்தது, குளோரைட்டுக்கு வரும் அடையாளம். நான் உப்புகளைக் கரைக்கப் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் குளோரைட்டுக்கா பஞ்சம்!

"பிள்ளையள் கண்டதைத்தான் எழுதியிருக்கினம். பேர் வைச்சது நீர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாரிகாலத்தில் மழைத் தண்ணீரைத் துணி கட்டிப் பிடித்து, வடித்துச் சேர்த்து வைப்போம்.

அலுமாரியில் இருந்த ஒரு போத்தலை மட்டும் யாரையும் அவர் தொட விடுவதில்லை. பிக்கிரிக்கமிலம். மஞ்சள் பளிங்கு. எப்போதோ உயிரியல் பகுதிக்கென்று வாங்கி மிஞ்சியது. அது தண்ணீருக்குள் இருக்கும்வரை சாது. காய்ந்தால் உரசலுக்கும் சூட்டுக்கும் வெடிக்கக் கூடியது. மூடியின் இடுக்கில் காய்ந்த பளிங்கு நசிந்தாலே போதும். ஒவ்வொரு தவணை முடிவிலும் அவர் அந்தப் போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பளிங்குக்கு மேலே தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார். குறைந்திருந்தால் வடித்த நீர் விட்டு, கழுத்தை ஈரத்துணியால் துடைத்து மூடுவார். அதை ஒழித்துவிடலாமே என்று ஒரு முறை கேட்டேன். எங்கே கொண்டுபோய் ஒழிப்பது என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு சண்டை வந்தது. எல்லோரும் ஓடினோம். அதை எழுத இது இடமில்லை. அலுமாரியைப் பூட்டிவிட்டுத்தான் ஓடினோம் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தப் போத்தலுக்குத் தண்ணீர் விட அதன் பிறகு ஆளில்லை.

திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. ஆய்வுகூட அறைக்கு மட்டும் பாதிக் கூரை மிஞ்சியிருந்தது. அலுமாரியின் பூட்டு உடைந்து கதவு தொங்கியது, உள்ளே போத்தல்கள் நின்றன. வளவுக்குள் கண்ணிவெடி அகற்றுபவர்கள் வேலையை முடித்துச் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெற்றோர் சேர்ந்து சிரமதானம் செய்து அறைகளைக் கூட்டிக் கழுவிக் கொடுத்திருந்தார்கள். மனோன்மணி ரீச்சரும் வந்து சேர்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முதலில் அலுமாரிக்குத்தான் போனார்.

லேபல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பசையோடு சேர்த்துக் கறையான் தின்றிருந்தது.

எடுக்கும்போது வாசி, ஊற்றும்போது வாசி என்று படித்த எங்களுக்கு வாசிக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுவோம் என்றேன். உயர்தரப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் சோதனை, கையில் வேறு ஒரு சொட்டு அமிலமும் இல்லை என்றார் அவர். வேலையைத் தொடங்கினோம்.

முதலில் தொடாமல் பார்த்தோம். நிறம், பளிங்கின் வடிவம், மூடியைச் சுற்றிப் படிந்திருப்பது என்ன. நீலம் மயில்துத்தம், அதில் சந்தேகமில்லை. கறுப்பூதாப் பளிங்கில் ஒன்றைத் தண்ணீரில் போட்டோம், குவளை முழுவதும் ஊதா ஓடியது, பேமங்கனேற்று. ஒரு போத்தலில் சாம்பல் நிறக் கட்டிகள், எண்ணெய் காய்ந்து அடியில் பிசினாகியிருந்தது. அது சோடியம். மூச்சுப் படாமல் மண்ணெண்ணெய் விட்டு மூடினோம். வெள்ளைத் தூள்கள்தான் கரைச்சல், எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஒரு அரிசி அளவு எடுத்து, கம்பியில் தொட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். செங்கட்டிச் சிவப்பு வந்தால் கல்சியம், இள ஊதா வந்தால் பொட்டாசியம். உறுதியானதும் அவர் கண்ணாடியிலேயே நகப்பூச்சால் பெயர் எழுதுவார். நகப்பூச்சு என் மனைவியுடையது. இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்தபோது கைப்பையில் அது எப்படியோ மிஞ்சியிருந்தது.

அலுமாரியில் போத்தல்கள் ஆங்கில அகரவரிசையில் நின்றவை. அதனால் பக்கத்துப் போத்தல் எது என்று தெரிந்தால் அடுத்தது எதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். நடுத் தட்டில் ஒரு வெள்ளைத் தூளைச் சாராயத்தில் கரைத்துச் சவுக்காரத் தண்ணீரில் விட்டோம், இளஞ்சிவப்பு வந்தது. பினோத்தலீன். அதற்கு வலப்பக்கம் போத்தல்கள் இல்லை. தூசிக்குள் மூன்று வட்டங்கள் மட்டும் இருந்தன.

ரீச்சர் அந்த வட்டங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பினோத்தலீனுக்குப் பக்கத்திலை என்ன நிண்டது, சொல்லும்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

எனக்குத் தெரியும். அகரவரிசையில் அடுத்தது பிக்கிரிக்கமிலம்.

சிரமதானத்துக்கு வந்தவர்களை விசாரித்தோம். வேண்டாத சாமான் தேவையென்றால் கொண்டு போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தர்மபுரத்துச் செல்வராணி பெரிய மண்ணிறப் போத்தல்கள் மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனதைக் காவலாளி கண்டிருந்தார். செல்வராணியை எனக்குத் தெரியும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகள் தர்சினி அப்போது என்னிடம் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, சொன்னதை அப்படியே செய்து பார்க்கிற பிள்ளை.

என் மோட்டார் சைக்கிளில் போனோம். ரீச்சர் அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் ஏறியதில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்திருப்பார்களா, திறக்க முயன்றிருப்பார்களா, பிள்ளைகள் விளையாட எடுத்திருப்பார்களா என்று என் மனம் கிடந்து அடித்தது. ஒரு பள்ளத்தில் மோட்டார் சைக்கிள் தூக்கிப் போட்டது. அந்தச் சத்தத்துக்கே எனக்கு உயிர் போய் வந்தது.

தகரக் கூரை போட்ட சின்ன வீடு. பக்கத்தில் மண்சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்த குசினி, அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் பலகை ஒன்றின்மேல் இரண்டு மண்ணிறப் போத்தல்கள் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றன. ஒன்றில் பயற்றை விதை, மற்றதில் பூசணி விதை. மூன்றாவதைக் காணவில்லை.

"ஐயோ, சேரும் ரீச்சரும்! வாங்கோ, இருங்கோ. உலை கொதிக்குது, ஒரு நிமிசத்திலை தேத்தண்ணி வைக்கிறன்" என்று செல்வராணி குசினிப் பக்கம் திரும்பினார்.

"மற்றப் போத்தல் எங்கை?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

செல்வராணி கொஞ்சம் வெட்கப்பட்டார். "கோவியாதேங்கோ சேர். வேண்டாத போத்தல் எண்டு சொன்னவை. இது ரெண்டும் விதைக்கு நல்லது, பூச்சி போகாது. உள்ளுக்கை கிடந்த வெள்ளைத் தூளைக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டன். மற்றதுக்குள்ளை மஞ்சளாய்க் கந்தகம் மாதிரிக் கிடந்தது. மிளகாய்க் கண்டுக்குத் தூவலாம் எண்டு வைச்சிருக்கிறன்."

மிளகாய்ச் செய்கை செய்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மஞ்சள் தூள் என்றால் கந்தகம். எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அப்போது தர்சினி கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். என்னைக் கண்ட சந்தோஷத்தில் முகம் மலர்ந்திருந்தது.

"சேர், அந்த மூடி கழருதே இல்லை! நீங்கள் சொல்லித் தந்த மாதிரித்தான் செய்தனான். கண்ணாடி மூடி இறுகினால் கழுத்தைச் சூடாக்க வேணும், கழுத்து விரியும், மூடி இளகும் எண்டு. முதல் சுடுதண்ணித் துணி சுத்திப் பாத்தன். பிறகு அகப்பைக் காம்பாலை மெல்லத் தட்டினன். நேற்று ரெண்டு கையாலையும் முறுக்கிப் பாத்தன். பாருங்கோ."

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். இரண்டிலும் மூடியின் விளிம்பு அழுந்திய சிவப்புத் தழும்பு.

நான் வகுப்பில் அதைச் சொல்லித் தந்த நாள் கண்முன் வந்தது. வெறும் போத்தல் ஒன்றை வைத்துச் செய்து காட்டினேன், பிள்ளைகள் கை தட்டினார்கள். சரியான முறைதான், இன்றைக்கும் சரியான முறைதான். அவள் எழுத்துத் தப்பாமல் செய்திருக்கிறாள்.

"இப்ப எங்கை, பிள்ளை?" என்று மனோன்மணி ரீச்சர் கேட்டார்.

"அடுப்புக்கு மேலை பரணிலை வைச்சிருக்கிறன் ரீச்சர். மெல்ல மெல்லச் சூடு பிடிக்கட்டும் எண்டு."

குசினிக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலை கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. செல்வராணி தேநீருக்கு விறகு தள்ளக் குசினி வாசலுக்கே போய்விட்டார். கத்திவிடத்தான் வாயெடுத்தேன். கத்தினால் அவர் உள்ளே ஓடி அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்பது பாதி மூச்சில்தான் உறைத்தது.

"செல்வராணி" என்றார் ரீச்சர், அதே தாழ்ந்த குரலில். "தேத்தண்ணி வேண்டாம். எனக்கு உங்கடை கிணத்துத் தண்ணிதான் குடிக்க வேணும். நல்ல தண்ணி எண்டு சேர் சொன்னவர். பிள்ளையும் நீங்களும் போய் அள்ளிக்கொண்டு வாங்கோ. புதுசாய் அள்ளுங்கோ."

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்று தெரிந்த எனக்கு, இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. வீடு தேடி வந்த ரீச்சர் வாய்விட்டுத் தண்ணீர் கேட்டால் எந்தத் தாய் நிற்பாள்? செல்வராணி விறகைக் கீழே போட்டுவிட்டு வாளியோடு கிணற்றடிக்குப் போனார். கிணறு வளவின் அடுத்த எல்லையில் இருந்தது.

"நீரும் அவையோடை போம். நான் கூப்பிடுமட்டும் திரும்பி வர விடாதேயும்."

"நீங்கள் ரீச்சர்?"

"நெருப்பை எடுக்க வேணும்."

நான் உள்ளே போகிறேன் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் என் கைகளைப் பார்த்தார். இரண்டும் வெட வெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"நடுங்கிற கையாலை எடுக்கிற வேலை இல்லை இது. போம்."

போனேன். கிணற்றடியிலிருந்து பார்த்தால் குசினி வாசல் தெரியும். நான் செல்வராணியோடு விதையைப் பற்றி என்னவோ கதைத்துக்கொண்டிருந்தேன். என்ன கதைத்தேன் என்று தெரியாது. ரீச்சர் குனிந்து வாசலுக்குள் போனார். சிறிது நேரத்தில் எரியும் கொள்ளி ஒன்றோடு வெளியே வந்தார். அதை வெறும் மணலில் வைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. சூடான கண்ணாடிக்குப் பக்கத்தில் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்பதற்காக. மறுபடி உள்ளே போனார், மற்றக் கொள்ளியோடு வந்தார். அகப்பையில் தணல் அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவை அவர் அந்த வாசலுக்குள் மறையும்போதும் நான் மூச்சு விடவில்லை. கடைசித் தடவை போனவர் வெளியே வரவில்லை.

நேரம் போனது. எவ்வளவு என்று தெரியாது. தர்சினி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. குசினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"சேர்... அதுக்குள்ளை கந்தகம் இல்லையோ?"

நான் வாளியை வாங்கிக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். அவள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

ரீச்சர் வெளியே வந்தார். புகையில் கண்கள் சிவந்து நீர் வடிந்தது. நேரே எங்களிடம் வந்து, செல்வராணி நீட்டிய செம்பை வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்தார். "சோறு வேகேல்லை பிள்ளை. குறை நினையாதேங்கோ" என்றார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அவதானம்: மஞ்சள் பளிங்கு. தண்ணி இல்லை, முழுக்கக் காஞ்சு போச்சு. மூடிக்குக் கீழை கழுத்தைச் சுத்திப் படிஞ்சிருக்கு. தொட்டுப் பாக்கேல்லை."

அவ்வளவு நேரம் உள்ளே நின்று அதைத்தான் பார்த்திருக்கிறார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு. "அனுமானம் என்ன ரீச்சர்?" என்றேன்.

"அனுமானத்தைப் பிள்ளைக்கு முன்னாலை சொல்ல வேண்டாம். நீர் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

யாரைக் கூட்டி வருவது என்று வன்னியில் அப்போது யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காணியிலேயே கண்ணிவெடி அகற்றும் குழு வேலை செய்துகொண்டிருந்தது. குழுவின் தலைவி எங்கள் மாவட்டத்துப் பெண்தான். முகக்கவசத்தை உயர்த்திவிட்டு நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், நாங்கள் நிலத்துக்குள்ளை கிடக்கிறதுக்குத்தான் படிச்சனாங்கள். போத்தல் எண்டால் எங்கடை பெரியவர் வரவேணும். அதுமட்டும் அந்த வளவுக்குள்ளை ஒருதரும் போகக் கூடாது" என்று சொல்லி, தானே வந்து குசினியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்.

அவர்களுடைய நிபுணர் பின்னேரம் வந்து சேர்ந்தார். எங்களை றோட்டுக்கு அப்பால் நிறுத்தினார்கள். தர்சினியின் அப்பாவும் வயலிலிருந்து ஓடி வந்துவிட்டார். தடித்த உடுப்புப் போட்ட அந்த மனிதர் மணல் நிரப்பிய வாளியோடு குசினிக்குள் போய், அதேபோல மெல்ல வெளியே வந்து, ஆளில்லாத வெளியில் வெட்டி வைத்த கிடங்குவரைக்கும் நடந்து போனார். ஒவ்வொரு அடியையும் நான் பார்த்தேன். பிறகு அவர்கள் தங்கள் வெடியை வைத்து அதை அழித்தார்கள். சத்தம் வந்தது. பறவைகள் எழும்பின. செல்வராணி தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். ஆனாலும் தன் குசினிப் பரணில் இருந்த சாமான் அது என்பதை அந்தத் தாயால் தாங்க முடியவில்லை.

"அது தானாய் வெடிச்சிருக்குமோ?" என்று நிபுணரிடம் கேட்டேன்.

"நாங்கள் வைக்கிற வெடியோடை எல்லாம் ஒண்டாய்த்தான் போகும். பிரிச்சுச் சொல்லேலாது" என்றார் அவர்.

எங்களுக்கும் இன்றுவரை தெரியாது. அலுமாரியில் இருந்த பொட்டாசியம் குரோமேற்றும் மஞ்சள்தான். அந்தப் போத்தலும் பிறகு கிடைக்கவில்லை. அலுமாரியின் பூட்டை உடைத்த யாரோ இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கலாம். குரோமேற்று என்றால் பரணில் வருடக்கணக்காக இருந்தாலும் ஒன்றும் ஆகியிராது. மிளகாய்ச் செடியில் தூவியிருந்தால் அது வேறு நாசம். எத்தனையோ இரவு படுக்கையில் கிடந்து அந்தப் போத்தலை மனத்துக்குள்ளே பகுத்துப் பார்த்திருக்கிறேன். உறுதிப்படுத்தும் சோதனையை மட்டும் செய்ய முடியாது.

அடுத்த நாள் தர்சினி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பாடம் முடிந்து மற்றவர்கள் போகும்வரை நின்றாள்.

"சேர், நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒரு பிழையும் விடேல்லை. நான் சொன்னதைத்தான் செய்தனீ."

"அப்ப?"

"உள்ளுக்கை என்ன கிடக்கு எண்டு தெரியாத மூடியைத் திறக்கக் கூடாது. அது நான் சொல்லாமல் விளங்கும் எண்டு நினைச்சிட்டன்."

அவள் அழவில்லை. கொப்பியைத் திறந்து அந்த வசனத்தை எழுதிக்கொண்டாள். அவளுடைய கை எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் அழுதேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை இறுகிய மூடியைத் திறக்கிற முறையை எந்த வகுப்புக்கும் அந்த வசனம் இல்லாமல் நான் சொல்லித் தந்ததில்லை.

இதை எழுத முன் மனோன்மணி ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் மகளோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம்.

"எழுதும். ஆனால் அது பிக்கிரிக்கமிலம் எண்டு எழுதிப்போடாதேயும். நாங்கள் உறுதிப்படுத்தேல்லை" என்றார்.

அதனால்தான் தலைப்பில் மஞ்சள் போத்தல் என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

கட்டுரை கேட்டுக் குரல்பதிவு அனுப்பிய இளம் ஆசிரியை தர்சினிதான். இப்போது தர்சினி ரீச்சர். புதிய ஆய்வுகூடத்தில் எல்லாப் போத்தலிலும் லேபலுக்குக் கீழே நகப்பூச்சால் கண்ணாடியிலும் பெயர் எழுதி வைத்திருக்கிறாராம். படம் வந்த அன்று என் மனைவி புதிய மேசைகளைப் பார்த்து, தொடுதிரையைப் பார்த்து, "என்ன வடிவாக் கட்டியிருக்கினம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் விரலால் படத்தைப் பெரிதாக்கி, அளவியைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளையும்தான் பார்த்தேன். தர்சினி அனுப்புகிற எந்தப் படத்திலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். விரல்கள் பத்தும் இருக்கின்றன.